பாம்பா, பந்தா, கண்ணிவெடியா? புரொஜெக்டுக்கு எந்தச் சின்ன கேமைப் பிடிப்பது

புரொஜெக்ட் தலைப்புக் கொடுக்கிற வாரம் வந்தால் போதும், ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்: "அண்ணா, கேம் ஒன்று செய்வோம் என்று முடிவெடுத்துவிட்டோம், எந்தக் கேம் என்றுதான் தெரியவில்லை." கேட்பவர்கள் உயர்தரத்தில் ஐ.சி.ரி. (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) படிக்கிறவர்களாக இருக்கலாம், திருகோணமலை கோணேசபுரி கம்பஸ் பிள்ளைகளாக இருக்கலாம், டவுனில் டிப்ளோமா செய்கிறவர்களாக இருக்கலாம், குழப்பம் மட்டும் ஒன்றுதான். ஒருவருக்குப் பாம்பு கேம் வேண்டும், இன்னொருவருக்கு ஃப்ளாப்பி பேர்ட், மூன்றாமவர் பப்ஜி மாதிரி ஒன்று செய்யலாமே என்று நிற்பார். மூன்றாமவரை விட்டுவிடுவோம்.

விளையாட உங்களுக்கு எது பிடிக்கும் என்று பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். எந்தக் கேமின் உள்ளே இருக்கிற ஒரு விதியை மட்டும் உருவி எடுத்து, அதைத் திருப்பிப் போட்டு, "இது நாங்கள் செய்தது" என்று வைவா என்கிற வாய்மொழிச் சோதனையில் தைரியமாகச் சொல்ல முடியுமோ அதை எடுங்கள். படம், நிறம், பெயர் எல்லாம் பழைய கேமிடமே இருக்கட்டும். மேலிருந்து விழும் துண்டுகளை அடுக்குகிற டெட்ரிஸ் பிறந்ததே இப்படித்தான். 1980களின் நடுவில் மொஸ்கோவில் சோவியத் அறிவியல் அகாடமியில் வேலை செய்துகொண்டிருந்த அலெக்ஸி பஜித்னோவ், ஐந்து சதுரங்கள் ஒட்டிய துண்டுகளைப் பெட்டிக்குள் அடுக்கும் பென்டோமினோ புதிரில் இருந்துதான் தொடங்கினார். அதில் 12 வடிவங்கள். நான்கு சதுரமாகக் குறைத்தார், 7 வடிவங்கள் ஆயின. அவர் கையில் இருந்த எலெக்ட்ரோனிக்கா 60 கணினியில் படம் வரையவே வசதி கிடையாது, அடைப்புக்குறிகளை வைத்துத்தான் கட்டங்களைக் காட்டினார். உங்கள் லெப்பில் இருக்கிற மெஷின் எவ்வளவு பழசானாலும் அதைவிட நல்லதுதான்.

## எதை வைத்து அளப்பது

முதலாவது, விதிகள் முழுவதையும் கொப்பியில் ஒரு பக்கத்துக்குள் எழுதி முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது சின்ன கேம் இல்லை.

இரண்டாவது, பாதியில் நின்றாலும் ஓடுமா? இதை யாரும் யோசிப்பதில்லை. நடுவில் தவணைப் பரீட்சை வரும், கோயில் திருவிழா வரும், குழுவில் ஒருவருக்குக் காய்ச்சல் வரும். அறுபது சதவீத வேலையோடு காட்ட நேர்ந்தாலும் திரையில் ஏதோ ஒன்று ஒழுங்காக நடக்க வேண்டும். சில கேம்கள் அப்படி நிற்கும், சில கேம்கள் கடைசி வரி எழுதும் வரை ஒன்றுமே காட்டாது.

மூன்றாவது, உள்ளே ஒரு முடிச்சு, அதாவது யோசித்து அவிழ்க்க வேண்டிய ஒரு சிக்கல், இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று. முடிச்சே இல்லாவிட்டால் வைவாவில் பேச ஒன்றும் இருக்காது, நான்கு முடிச்சு இருந்தால் புரொஜெக்ட் முடியாது. சோதிக்கிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன நடக்கும்?" அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஓர் இடமாவது உங்கள் கோடில் வேண்டும்.

நான்காவது, மாற்ற இடம் இருக்கிறதா. ஐந்தாவது, எந்த மெஷினில் ஓடப்போகிறது. பைதன் மொழியைப் போட்டால் படம் வரைகிற டர்ட்டிலும், பட்டன் வைக்கிற டிகிண்டரும் பொதுவாகக் கூடவே வந்துவிடும். கேம் செய்வதற்கென்றே இருக்கிற பைகேம் அப்படி இல்லை, அதைத் தனியாக இறக்க வேண்டும். வீட்டில் எல்லாம் ஓடும், பிறகு லெப்பில் பென் ட்ரைவைச் செருகியதும் பைகேம் இல்லை என்று சிவப்பு எழுத்து வரும், அட்மின் பாஸ்வேர்ட் வைத்திருக்கிற சேர் அன்றைக்கென்று லீவில் இருப்பார். ஜாவாஸ்கிரிப்டில் செய்தால் பிரவுசர் ஒன்று இருந்தால் போதும்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தமிழில் செய்கிறவர்கள் கடைசி இரவில்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். பைகேமின் வழக்கமான எழுத்து வசதி தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்காது. "வெற்றி" என்று போட்டால் கொம்பு 'வ'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். பிரவுசரில் இந்தத் தொல்லை இல்லை. பைகேம்தான் வேண்டும் என்றால் தேவையான தமிழ்ச் சொற்களைப் படங்களாகச் செய்து வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாறு சொற்கள்தானே.

## பொங்: மட்டையும் பந்தும்

1972இல் அடாரி கம்பனியில் புதிதாகச் சேர்ந்த அலன் அல்கோர்னுக்கு, கை பழகட்டும் என்று நோலன் புஷ்னல் கொடுத்த பயிற்சி வேலைதான் பொங். அதாவது உலகின் புகழ்பெற்ற கேம்களில் ஒன்றே ஒரு மாணவர் புரொஜெக்ட் மாதிரித்தான் தொடங்கியது. அல்கோர்ன் செய்த கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. மட்டையை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, பந்து எந்தப் பகுதியில் பட்டது என்பதைப் பொறுத்து அது திரும்பும் கோணத்தை மாற்றினார். நடுவில் பட்டால் நேராகப் போகும், ஓரத்தில் பட்டால் சரிந்து பறக்கும். இது இல்லாவிட்டால் பந்து சும்மா போய் வந்துகொண்டிருக்கும், ஒரு நிமிடத்தில் அலுத்துவிடும். அவருடைய மட்டை திரையின் உச்சி வரை போகாது, அது சர்க்கியூட்டில் இருந்த குறை. அதனால் ஆட்டம் கொஞ்சம் கடினமாகி நன்றாக இருக்கிறதென்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

முடிச்சு மோதலைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. பந்து ஒரு ஃப்ரேமுக்கு (திரை ஒரு தடவை புதிதாக வரையப்படுவதற்குள்) 15 பிக்சல் நகர்கிறது, மட்டையின் தடிப்பு 10 பிக்சல், பந்து ஒரு சின்னப் புள்ளி என்று வையுங்கள். சில நேரம் ஒரு ஃப்ரேமில் பந்து மட்டைக்கு முன்னால் இருக்கும், அடுத்த ஃப்ரேமில் பின்னால் இருக்கும், நடுவில் தொட்டதாகவே கணக்கு வராது. இன்னொரு வகை வியாதியும் உண்டு: பட்டதும் திசையை எதிராக்கு என்று மட்டும் எழுதினால், பந்து மட்டைக்குள் சிக்கி ஒவ்வொரு ஃப்ரேமிலும் திசை மாறி மாறி அங்கேயே நின்று நடுங்கும். இடது மட்டையில் பட்டால் வலப்பக்கம் போ என்று திசையை நேரடியாகச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. இவை இரண்டையும் வைவாவில் விளக்கினாலே போதுமான சரக்கு.

மறைந்திருக்கிற செலவு எதிராளிதான். கணினி பந்தை அப்படியே பின்தொடர்ந்தால் அதை ஜெயிக்கவே முடியாது, அதனால் வேண்டுமென்றே அதைக் கொஞ்சம் மந்தமாக்க வேண்டும், அந்த எண்ணைப் பிடிக்கத்தான் நேரம் போகும். இருவர் விளையாடுவதாக வைத்தால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் மலிவான சில கீபோர்டுகளில் ஒரே நேரத்தில் பல விசைகளை அழுத்தினால் ஒன்று பதிவாகாது. காட்டப்போகிற கீபோர்டிலேயே முதலில் சோதித்துவிடுங்கள்.

மாற்றுவதற்கு எனக்குத் தோன்றுவது கிண்ணியாப் பாதை, அதாவது தண்ணீரைக் கடக்க ஏறிப்போகிற மிதவை. 2009இல் பாலம் திறக்கும் வரை அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் பாதையில் ஏறித்தானே போனோம். பந்துக்குப் பதில் பாதை, மட்டைகளுக்குப் பதில் இரண்டு கரையிலும் இறங்குதுறை, நடுவில் நீரோட்டம் அதை மேலோ கீழோ தள்ளும். கோடில் கூடுவது ஒரே ஒரு எண். ஆனால் ஆட்டம் வேறாகிவிடுகிறது.

தனியாகச் செய்கிறவர்களுக்கும், புரோகிராமிங் இப்போதுதான் தொடங்கியவர்களுக்கும், கையில் இரண்டு மூன்று வாரமே இருப்பவர்களுக்கும் பொங் நல்லது.

## பாம்பு

நோக்கியா போன் வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. 1976இல் கிரெம்லின் (Gremlin) கம்பனியின் பிளாக்கேட் என்கிற ஆர்கேட் கேமில் இதன் வேர் இருக்கிறது. 1997இல் டனேலி அர்மன்டோ அதை நோக்கியா 6110 போனுக்குள் கொண்டுவந்த பிறகுதான் ஊர் முழுவதும் பரவியது.

பாம்பு நகர்வதை எழுதும்போது பெரும்பாலானவர்கள் ஒவ்வொரு துண்டையும் ஒரு கட்டம் தள்ளுவார்கள். தேவையே இல்லை. தலைக்கு முன்னால் ஒரு கட்டத்தைச் சேர், வாலில் ஒன்றை எடு, அவ்வளவுதான். இரை தின்ற தரம் மட்டும் வாலை எடுக்காதே, பாம்பு தானாகவே வளரும். பாடத்தில் வரிசை (queue) என்று படித்த தரவுக் கட்டமைப்பு இதுதான், அது உயிரோடு ஊர்வதைத் திரையில் பார்க்கும்போதுதான் புரிகிறது என்று சொன்ன பிள்ளைகள் உண்டு.

சரி, பொறி எங்கே? பாம்பு வலப்பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது இடது விசையை அழுத்தினால் அது தன் கழுத்தையே கடிக்கும் என்று தெரிந்து, எதிர்த்திசையைத் தடுத்து ஒரு நிபந்தனை எழுதியிருப்பீர்கள். ஆனால் ஒரு நகர்வுக்குள்ளேயே மேல் விசையையும் இடது விசையையும் வேகமாக அடுத்தடுத்து அழுத்திப் பாருங்கள். மேல் அனுமதிக்கப்படும், மேலுக்கு இடது எதிர்த்திசை இல்லை என்பதால் அதுவும் அனுமதிக்கப்படும், பாம்பு இன்னும் மேலே நகரவே இல்லை, நேராகக் கழுத்தில் மோதிச் செத்துவிடும். அழுத்திய விசைகளையும் ஒரு வரிசையில் போட்டு ஒரு நகர்வுக்கு ஒன்றாக எடுத்தால் சரியாகும். இரையைப் பாம்பின் உடம்புக்கு மேலேயே வைத்துவிடுவது இன்னொரு பழைய கோளாறு, வெறும் கட்டங்களை மட்டும் பட்டியலிட்டு அதில் இருந்து ஒன்றை எடுங்கள்.

மறைந்த செலவு, எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். ஒரு வகுப்பில் நாலு பாம்பாவது ஊரும். இணையத்தில் முழுக் கோடும் கிடைப்பதால், நீங்களே உட்கார்ந்து எழுதியிருந்தாலும் சோதிக்கிறவர் சந்தேகத்தோடுதான் தொடங்குவார். அதனால் பாம்பை எடுத்தால் மாற்றம் விருப்பம் இல்லை, கட்டாயம். நம் கரைகளில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாம்பை வலையாக்குங்கள்: கரையில் இருந்து புறப்பட்டு, கடலில் மீன்கூட்டத்தை வளைத்து, மறுபடி கரையைத் தொட்டால்தான் மீன் உங்களுக்கு, வலை தன்னையே வெட்டினால் அறுந்துவிடும். வளைத்த பரப்புக்குள் எந்தக் கட்டங்கள் இருக்கின்றன என்று கண்டுபிடிப்பது கொஞ்சம் வேலை, அதற்கான வழி அடுத்த கேமில் இருக்கிறது.

## மைன்ஸ்வீப்பர்

மூடிய கட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, பக்கத்தில் எத்தனை கண்ணிவெடி என்று சொல்லும் எண்களை வைத்து வெடியில் படாமல் தப்புகிற கேம் இது. என்னைக் கேட்டால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான் கைகாட்டுவது இதைத்தான், ஆனால் கேட்டு வருகிறவர்கள் அநேகமாக இதைச் சொல்வதே இல்லை. அசைவு இல்லை, சத்தம் இல்லை, பார்க்க வசீகரம் இல்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் மேலே சொன்ன ஐந்து கேள்வியிலும் தேறுகிறது.

1992இல் விண்டோஸ் 3.1 உடன் எல்லா மெஷினுக்கும் போனது. பிறகு வந்த பதிப்புகளில் எளிய அளவு 9க்கு 9 கட்டம், 10 வெடி, கடினமான அளவு 30க்கு 16, 99 வெடி. நேரத்தோடு ஓட வேண்டிய கேம் இல்லாததால் மெஷின் மெதுவாக இருந்தாலும் கவலை இல்லை. டிகிண்டரில் பட்டன்களை அடுக்கினாலே பலகை தயார், எதையும் தனியாக இறக்க வேண்டாம். பாதியில் நின்றாலும் எண்கள் சரியாகத் தெரியும், கட்டம் திறக்கும், அதுவே காட்டத்தக்கது.

முடிச்சு, வெறும் கட்டம் ஒன்றைத் திறந்ததும் பக்கத்தில் உள்ள வெறும் கட்டங்களும் பரவித் திறப்பது, கரைவலைக்குத் தேவை என்று சொன்ன வழியும் இதுதான். ஒரு செயற்பாடு (function) தன்னையே அழைக்கும்படி எழுதினால் ஆறேழு வரியில் முடிந்துவிடும். ஆனால் பைதன், தன்னைத் தானே அழைப்பதை வழக்கமாக 1000 ஆழத்தோடு நிறுத்திவிடும். 30க்கு 16 பலகையில் 480 கட்டங்கள்தான், தப்பித்துவிடுவீர்கள். "பெரிசாக்கிக் காட்டுங்கள்" என்று யாராவது கேட்டு 40க்கு 40 ஆக்கினால் 1600 கட்டம், வெடிகள் குறைவாக இருந்தால் ஒரே கிளிக்கில் புரோகிராம் விழுந்துவிடலாம். திறக்க வேண்டிய கட்டங்களை நாமே ஒரு பட்டியலில் போட்டு ஒவ்வொன்றாக எடுத்தால் இந்த எல்லை வராது. இரண்டு முறையையும் எழுதி வைத்துக்கொண்டு, ஏன் மாற்றினோம் என்று சொன்னால் வைவா பாதி முடிந்த மாதிரி.

இதைவிட நுணுக்கமான கோளாறு ஒன்று இருக்கிறது. மேல் வரிசையில் உள்ள கட்டத்துக்குச் சுற்றுமுற்றும் எத்தனை வெடி என்று எண்ணும்போது, அதற்கு மேலே உள்ள வரிசையின் எண் மைனஸ் ஒன்று ஆகிவிடும். வேறு பல மொழிகளில் அங்கேயே ஏதாவது குழப்பம் தெரிந்திருக்கும். பைதனில் மைனஸ் ஒன்று என்றால் கடைசி வரிசை என்று அர்த்தம், அதனால் எந்தப் பிழையும் காட்டாமல் அடியில் இருக்கிற வெடிகளை மேலே எண்ணிக் காட்டும். பார்ப்பதற்குக் கேம் நன்றாகத்தான் ஓடும், ஓரக் கட்டங்களில் மட்டும் கணக்குப் பொய் சொல்லும். ஓரங்களைக் கையால் எண்ணிச் சரிபாருங்கள். அப்புறம், முதல் கிளிக்கிலேயே வெடிக்காமல் இருக்க வேண்டுமென்றால் வெடிகளை முதல் கிளிக்குக்குப் பிறகு வையுங்கள்.

இதன் மறைந்த செலவு கோடில் இல்லை, கருப்பொருளில் இருக்கிறது. நம் மாவட்டத்தில் கண்ணிவெடி என்பது திரையில் சிரிக்கிற விஷயம் அல்ல. வெடி அகற்றும் வரை சொந்தக் காணிக்குப் போக முடியாமல் இருந்த சனங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், வகுப்பிலேயே அப்படியொரு வீட்டுப் பிள்ளை இருக்கலாம். விண்டோஸ் விஸ்டாவில் மைக்ரோசொஃப்டே வெடிக்குப் பதில் பூக்களை வைக்கும் வசதியைச் சேர்த்தது. ஆகவே விதியை எடுத்துக்கொண்டு வெடியை விட்டுவிடுங்கள். புறாமலைத் தீவு இருக்கிறதே, 2003இல் இருந்து தேசிய பூங்கா. அங்கே ஆழமில்லாத தண்ணீரில் நடக்கிறவர்கள் பவளப்பாறையை மிதித்து உடைப்பதுதான் பெரிய தொல்லை. ஒவ்வொரு கட்டமும் ஓர் அடி, எண் சொல்வது பக்கத்தில் எத்தனை பவளம் என்று, மிதித்தால் ஆட்டம் முடியும். விதி ஒன்றுகூட மாறவில்லை, ஆனாலும் இது வேறு கேம், அதோடு சுற்றாடல் சம்பந்தப்பட்டது என்று புரொபோசலில் இரண்டு வரி எழுதவும் இடம் கிடைக்கிறது.

## ஃப்ளாப்பி பேர்டும் ஓடுகிற டைனோசரும்

வியட்நாமைச் சேர்ந்த டொங் நுயென் 2013இல் வெளியிட்டு, 2014 பெப்ரவரியில் தானே எடுத்துவிட்ட கேம் ஃப்ளாப்பி பேர்ட். டைனோசர், நெட் போனதும் குரோமில் வருமே அது. இரண்டிலும் முடிச்சு ஈர்ப்பு: ஒவ்வொரு ஃப்ரேமிலும் கீழ்நோக்கிய வேகத்தில் ஒரு சின்ன எண்ணைக் கூட்டு, தட்டியதும் மேல்நோக்கி ஒரு வேகத்தைக் கொடு. பௌதிகவியல் படிக்கிறவர்களுக்கு இனிக்கும். ஆனால் அதற்கு மேல் பேச அதிகம் இல்லை.

செலவு இரண்டு. ஃப்ரேமை நம்பி எழுதினால் உங்கள் லாப்டொப்பில் சரியாக விழும் பறவை லெப் மெஷினில் மிதக்கும், கடந்த நேரத்தால் பெருக்கி எழுதப் பழகுங்கள். மற்றது, இந்த வகைக் கேமின் உயிர் கையில் படும் உணர்வு, அந்த எண்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதிலேயே நாட்கள் ஓடிவிடும், அந்த உழைப்புக்குப் புள்ளியும் கிடைக்காது. பாடசாலைக் கண்காட்சிக்கு என்றால் இதுதான் முதலாவது, மேசையைச் சுற்றிச் சின்னப் பிள்ளைகள் நிற்பார்கள். மாற்ற நினைத்தால் பிரட்ரிக் கோட்டைப் பக்கம் திரிகிற மான்களை வையுங்கள், தாண்டுவதற்குப் பதிலாக, மான் வீதியைக் கடக்கும் வரை ஓட்டோ பிரேக் பிடித்து நிற்க வேண்டும்.

## டெட்ரிஸ்

சின்னதாகத் தெரியும், சின்னதில்லை. சுவரோரம் துண்டைச் சுழற்றுவதே தனி முடிச்சு, வரிசை நிறைந்ததும் மேலே உள்ளவற்றை இறக்குவது இன்னொன்று, அது எல்லாம் முடியும் வரை காட்ட ஒன்றும் இருக்காது. போதாததற்கு 2012இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று டெட்ரிஸைத் தோற்றம் வரை அப்படியே எடுத்த கேம் ஒன்றுக்கு எதிராகத் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. வகுப்புக்குள் செய்வதை யாரும் தேடி வரமாட்டார்கள், பிளே ஸ்டோரில் போடும் ஆசை இருந்தால்தான் யோசிக்க வேண்டும். மூன்று பேர் குழு, ஒரு தவணை முழுக்க நேரம் என்றால் செய்யலாம்.

## ஒரே பார்வையில்

| கேம் | பாதியில் நின்றால் | வைவாவில் பேச | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| பொங் | ஓடும் | மோதல், கோணம் | எதிராளியை மந்தமாக்குவது | தனியாள், குறைந்த நேரம் |
| பாம்பு | ஓடும் | வரிசை, விசைக் கோளாறு | எல்லோரும் செய்வது, சந்தேகம் | மாற்றத் துணிந்தவர் |
| மைன்ஸ்வீப்பர் | நன்றாகவே ஓடும் | பரவித் திறப்பது, ஓரக் கணக்கு | கருப்பொருள் | பழைய மெஷின், இணையம் இல்லாத லெப் |
| ஃப்ளாப்பி, டைனோ | சுமாராக | ஈர்ப்பு மட்டும் | எண்களைச் சரிசெய்யும் நாட்கள் | கண்காட்சி |
| டெட்ரிஸ் | காட்ட முடியாது | நிறைய | நேரம் | மூன்று பேர் குழு |

இரண்டுக்கு நடுவில் இன்னும் தடுமாறினால், இரண்டின் விதிகளையும் கடதாசியில் எழுதி, விளையாட்டில் ஆர்வமே இல்லாத ஒருவரிடம், உங்கள் அம்மாவிடம் என்றாலும் சரி, வாசித்துக் காட்டுங்கள். இடையில் நிறுத்தி "அப்ப அது என்ன?" என்று கேள்வி போடாமல் எதை முழுவதும் கேட்டு முடிக்கிறாரோ அதை எடுங்கள்.

அறிக்கையில் ஒரு பகுதியை மட்டும் தவறாமல் எழுதுங்கள், பலர் பயந்து மறைப்பதும் இதைத்தான்: எந்தக் கேமில் இருந்து தொடங்கினோம், அதன் எந்த விதியை எடுத்தோம், எதை மாற்றினோம், மாற்றிய பிறகு ஆட்டத்தில் என்ன வித்தியாசம் வந்தது. வேறொருவரின் கோடை எடுத்திருந்தால் எந்தக் கோப்பு, எந்தப் பகுதி என்று பெயரோடு போடுங்கள். 2048 கேமின் கோட் எம்.ஐ.டி. உரிமத்தில் திறந்து கிடக்கிறது, எடுத்து மாற்றலாம், ஆனால் அந்த உரிமக் குறிப்பு உங்கள் ஃபோல்டரிலும் இருக்க வேண்டும்.